அலை உடையாத இடம்

திரைச்சீலை தைக்கும் பட்டறையில் அன்று காலை பெரிய மிஷினின் மோட்டார் புகைந்துவிட்டது. மேற்பார்வையாளர் குனிந்து அதை முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், "போங்கம்மா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஓர் அரைநாள் கையில் வந்து விழுந்தால் அதை என்ன செய்வது என்று மற்றப் பெண்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கே நிற்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தாள். நான்கு முட்டையை வேகப் போட்டாள். உருளைக்கிழங்கை வறுத்தாள். ரொட்டியை வெட்டி, வெங்காயத்தோடு துணியில் கட்டினாள்.

அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெந்நீர் வாளிக்குள் விட்டிருந்தாள். அண்ணி என்றால் புருஷனின் அக்கா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஈரத்தரையில் நின்றே கழியும். ஏழாம் நாள் இந்த வாளி.

"அண்ணி, கிளம்புங்க. பீச் பார்க்குக்குப் போறோம்."

"அவன் வேலை பாக்கிற இடத்துக்கு நாம போய் என்ன பண்ண? கொடி பிடிக்கவா?"

"அந்தக் கிடங்கு வேலைக்கு நாளைக்குக் காலையில எங்க அண்ணனுக்குப் பதில் சொல்லணும். வீட்டுல கேட்டா உங்க தம்பி சுவத்தைப் பாக்கிறார். அங்க சுவர் கிடையாதுல்ல? பதில் சொல்லித்தானே ஆகணும்."

அண்ணி வாளியிலிருந்து ஒரு காலை எடுத்தாள். "கடல் இருக்கே. அதைப் பாப்பான்" என்றாள். ஆனாலும் அடுத்த காலையும் எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் அந்தக் கடற்கரைப் பூங்காவில் பதினோரு வருஷமாக உயிர்காப்பாளன். பதினோரு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. ஊருக்கு விடுமுறை என்றால் அவனுக்கு அன்றுதான் வேலை. அதோடு, அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். குடத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் கிட்டே போகமாட்டாள். இதைச் சொல்லி அவன் கல்யாணமான புதிதில் சிரித்திருக்கிறான். இப்போது சிரிப்பதில்லை.

இருபது நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஈரத் துணியோடு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். "ஒருத்தர் போயிட்டார்" என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு தட்டில் வைத்ததில் பாதி அப்படியே கிடந்தது. விசாரணை நடந்து, அவன்மேல் தவறு இல்லை என்று கடிதமும் வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தான். விடியும் முன்பே எழுந்து போய்விடுவான். கேட்டால் "வேலை இருக்கு" என்பான்.

அவள் அண்ணன் பார்த்துப் பொறுக்காமல், தான் வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்கில் ஓர் இடம் பேசி வைத்தான். லாரி வந்தால் கதவைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். "அங்க யாரும் சாக மாட்டாங்க. எல்லாம் ஏற்கனவே செத்துப்போன கோழி" என்று சிரித்தான் அண்ணன். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. புருஷன் மட்டும் "பாக்கலாம்" என்றே நாளைக் கடத்திக்கொண்டு வந்தான்.

பஸ் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. நகரம் அங்கே சட்டென்று முடிந்துபோகிறது. ஒரு டயர் கடை, ஒரு பூட்டிய தொழிற்சாலை, அப்புறம் மரங்கள். வாசலுக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் தம்மை அறியாமல் நடையைத் தளர்த்தினார்கள்.

இப்படி இருக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. அகலமான நடைபாதை, இரண்டு பக்கமும் காற்றுக்குச் சாய்ந்தே வளர்ந்த மரங்கள், அதன் அடியில் மேஜைகள், மேஜையைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. வெல்டிங் பட்டறைக்காரர்கள் கறை போகாத கையோடு சீட்டு விளையாடினார்கள். ராத்திரி வேலை முடித்த நர்ஸ்கள் நான்கு பேர் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். ஒரு கிழவர் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டு யாருக்கோ போனில் "ஆபீஸ்லதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய குழாய்களுக்கு அடியில் குழந்தைகள் மணல் கழுவின. நுழைவுச்சீட்டு இல்லை, கேள்வி இல்லை. எவரும் வரலாம், எவ்வளவு நேரமும் இருக்கலாம். மரங்களுக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் அது.

"எவ்வளவு பெரிசு!" என்றாள் அண்ணி. பிறகு, "இத்தனை தண்ணியை வச்சிக்கிட்டு எங்களை ஒரு குழாயில துவைக்கச் சொல்றானுங்க" என்றாள்.

காவல் கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. நாலு மரக்காலில் நிற்கும் மஞ்சள் கூண்டு. மேலே சிவப்புச் சட்டை போட்ட ஒருவன். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். அது அவன் இல்லை. அவனுடைய உயரம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் அவனுக்குக் கொக்கு என்று பெயர், ஒற்றைக்காலில் நின்றுகொண்டு மணிக்கணக்காகத் தண்ணீரையே பார்ப்பானாம். இவன் இரண்டு காலிலும் நின்று கொட்டாவி விட்டான்.

கோபுரத்தடியில் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் விசில். அவளை எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள்.

"கொக்கைப் பாக்கணும். நான் அவர் வீட்டுக்காரி."

கேப்டன் கயிற்றைக் கீழே வைத்தாள். அவளையும் அவள் கையிலிருந்த துணிக்கட்டையும் பார்த்தாள். "உங்ககிட்ட அவன் சொல்லலையா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், கடற்கரையின் அந்தக் கோடியைக் கை காட்டினாள்.

அங்கே, துப்புரவு ஆட்கள் போடும் சாம்பல் நிறச் சட்டையில், ஒரு நெட்டை மனிதன் பல் வைத்த அகலமான வாரியை மணலில் இழுத்துக்கொண்டு போனான். பத்தடி போவான், குனிவான், எதையோ எடுத்து இடுப்பிலிருந்த பையில் போடுவான். முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சட்டையின் தோள்பட்டை அவனுக்கு ஒரு விரல் குட்டை.

"இருபது நாளாவா?" என்றாள்.

"மறுநாள்ல இருந்தே. நானா இறக்கலம்மா. அவனா வந்து விசிலைக் கழட்டி மேஜைமேல வச்சான்."

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுல தினமும் 'கோபுரத்துல காத்து ஜாஸ்தி'ன்னான்! கோபுரத்துல ஏறாமலே காத்து வாங்கியிருக்கான் பாரு!"

அவன் அவர்களைப் பார்த்துவிட்டான். ஓடிவிடுவானோ என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. ஓடவில்லை. வாரியை மணலில் ஊன்றிவிட்டு அப்படியே நின்றான். அவள் கிட்டே போனதும், "மிஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். அவள் ஞாயிற்றுக்கிழமையில் வருவதற்கு அதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பதுபோல.

"மோட்டார் புகைஞ்சிடுச்சு. நீங்க என்னங்க பண்றீங்க?"

"கண்ணாடித் துண்டு பொறுக்கறேன். சனிக்கிழமை கூட்டம் பாட்டிலை உடைச்சிட்டுப் போயிடுது. குழந்தைங்க ஓடுற இடம்."

"அதைக் கேக்கல."

அவன் பையைக் குலுக்கினான். உள்ளே கண்ணாடி சத்தம் போட்டது. "விசிலை வாயில வச்சா ஊத வரல" என்றான். "மறுநாள் காலையில வச்சேன். காத்தே வரல. மூச்சு இருக்கு, ஆனா விசிலுக்குள்ள போகல. ஊத முடியாதவன் மேல உக்காந்து என்ன பண்ண? அதான் இறங்கிட்டேன்."

"அப்புறம் ஏன் கிடங்குக்கு வர மாட்டேங்கிறீங்க? இதுக்கு அது எவ்வளவோ மேல் இல்லையா? நாளைக்குக் காலையில அண்ணன் கேப்பான். நான் என்ன சொல்ல?"

அவன் கடலைப் பார்த்தான். அண்ணி சொன்னது சரியாகிவிட்டது.

"சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகல. இந்த இடத்தை வாரி முடிச்சிட்டு வரேன்" என்று வாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் திரும்பி வந்து கோபுரத்து நிழலில் உட்கார்ந்தாள். கேப்டன் பக்கத்தில் வந்து குந்தினாள். அண்ணி கடலோரம் நடந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

"கொடி ரெண்டு நட்டிருக்கு பாத்தீங்களா?" என்றாள் கேப்டன். "அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஜனங்க குளிக்கணும். அது எங்க நடணும்னு யார் சொல்றா தெரியுமா? உங்க வீட்டுக்காரர்தான், இப்பவும். விடியறதுக்கு முன்ன வந்து, இடுப்பளவு தண்ணியில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்கிறான். காலாலயே மணலைத் தடவிப் பாக்கிறான். ராத்திரிக்கு ராத்திரி பள்ளம் இடம் மாறும்மா, நேத்து இருந்த தரை இன்னைக்கு இருக்காது. நடந்து முடிச்சிட்டு வந்து 'இங்க, இங்க'ம்பான். நான் நடுவேன். அது துப்புரவு ஆள் வேலை இல்ல. யாரும் செய்யச் சொல்லவும் இல்ல."

"பள்ளம்னா?"

"அதோ பாருங்க. எல்லா இடத்துலயும் அலை வெள்ளையா உடையுது. ஒரு இடத்துல மட்டும் உடையல, தெரியுதா? தண்ணி கரும்பச்சையா, தைச்சு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. அதை நாங்க வாய்க்கால்னு சொல்லுவோம். கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அது வழியாத்தான் திரும்பிப் போகுது, ஆளையும் சேத்து இழுத்துக்கிட்டு."

அவள் பார்த்தாள். இந்தக் கடற்கரை முழுவதிலும் தன்னைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளி காலை நனைக்கத் தேர்ந்தெடுக்கும் இடம் எதுவென்றால், அதுதான். அமைதியாக, சமர்த்தாக, அலை இல்லாமல் இருந்தது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே காலை இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான் கவனித்தாள்: அவன் வாரியை இழுத்துக்கொண்டிருந்ததும் அந்த வாய்க்காலுக்கு நேர் எதிரே இருந்த மணலில்தான். அந்த இடத்தைச் சுத்தமாக வாரி முடித்திருந்தான். முடித்த இடத்தையே திரும்பவும் வாரினான். ஒரு கண் மணலில், ஒரு கண் தண்ணீரில்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, கண்ணாடி காலைக் கிழித்துவிட்டதாக ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். கேப்டன் எழுந்து அவர்களோடு மரங்களுக்குப் பின்னால் இருந்த முதலுதவி அறைக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒரே குடும்பம், இருபது பேர் இருப்பார்கள். முன்னால் மஞ்சள் பனியன் போட்ட ஒரு பருத்த மனிதர். கொடிகளுக்கு நடுவில் கூட்டமாக இருப்பதைப் பார்த்தார், அலை குதிப்பதைப் பார்த்தார், கை நீட்டினார். "அங்க போகலாம், அலையே இல்ல. குழந்தைங்களுக்கு அதான் நல்லது."

அவர்களுக்கும் முன்னால் அண்ணி அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில், கண்ணை மூடி, சொர்க்கத்தில் நிற்பதுபோல நின்றாள். அவள் "அண்ணீ!" என்று கத்தியது காற்றில் போய்விட்டது. வாரி மணலில் விழுந்தது. அவன் நீண்ட காலை எட்டி வைத்து, அண்ணியைத் தாண்டி, வாய்க்காலின் வாயில் இடுப்பளவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தான்.

"வெளிய போக்கா! இங்க நிக்காத!"

"காலை நனைக்கத்தானேடா வந்தேன்? பத்து நிமிஷம்!"

"அண்ணே, நீங்களும் கூட்டிக்கிட்டுப் போங்க. கொடிக்கு நடுவுல குளிங்க. இங்க ஆழம்."

பருத்த மனிதர் சாம்பல் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "ஆழமா? அந்தம்மா முழங்கால்லதான நிக்கிறாங்க? குப்பை பொறுக்க வந்தவன் குப்பையைப் பொறுக்கு. எங்களை அதட்டாதே."

"யாரைப் பாத்துய்யா குப்பைங்கிற?" என்று அண்ணி தண்ணீருக்குள்ளேயே இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். "இவன் யாருன்னு தெரியுமா உனக்கு?"

இதற்குள் நாலைந்து பேர் அவர்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு. கோபுரத்தில் இருந்தவன் அந்தப் பக்கம் பந்து விளையாடிய பையன்களை விரட்டிக்கொண்டிருந்தான், முதுகு இந்தப் பக்கம். அவள் முதலுதவி அறைக்கு ஓடினாள். கேப்டனின் இரண்டு கையும் ரத்தத்தில், கிழிந்த பாதத்தை அழுத்திப் பிடித்திருந்தன.

"வாய்க்கால்ல ஆளுங்க இறங்குறாங்க! அவர் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க!"

"கையை எடுத்தா ரத்தம் நிக்காது. இவங்க வாக்கி-டாக்கியைப் பிடிக்கட்டும், கோபுரத்துக்கு நான் சொல்றேன். நீங்க இதைக் கழட்டி அவன்கிட்டக் குடுங்க, ஓடுங்க!" என்று கேப்டன் கழுத்தை நீட்டினாள்.

விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடினாள். மணல் காலை வாங்கியது. தண்ணீர் வந்தது. கணுக்கால், முழங்கால், தொடை. அவள் நிற்கவில்லை, யோசிக்க நேரமில்லை என்பதால் நிற்கவில்லை. அடியில் மணல் பாய் உருவுவதுபோல உருவிக்கொண்டு போனதை உணர்ந்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வை மாதிரி ஒன்றை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் விசிலை நீட்டினாள்.

வாயில் வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை.

"வரலைன்னா விடுங்க" என்றாள் அவள். "வாய் இருக்குல்ல? கத்துங்க."

அவன் விசிலைத் துப்பினான். "எல்லாரும் வெளிய!" என்று கத்தினான். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட ஜாடை காட்டுகிற மனிதன். அந்தக் குரல் அவள் நெஞ்சில் இடித்துக்கொண்டு போயிற்று. "வெளிய வாங்க! ஓடாதீங்க, நடங்க! குழந்தையைத் தூக்கிக்கிட்டு நடங்க! அண்ணே, உங்க ஆளுங்களைக் கூப்பிடுங்க!"

அவளும் கத்தினாள். அண்ணி எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தவள் திடீரென்று ஒன்றுமில்லாத இடத்தில் உட்காருவதுபோல அமிழ்ந்தாள். அவன் மறு கையால் அவள் புஜத்தைப் பிடித்துத் தூக்கினான். அண்ணி எழுந்தாள், அவள் செருப்பு ஒன்று எழவில்லை.

அது தண்ணீரின்மேல் வந்து மிதந்தது. நீலநிற ரப்பர் செருப்பு. அலை இல்லை, காற்றும் கரையைப் பார்த்துத்தான் அடித்தது. ஆனாலும் அந்தச் செருப்பு கடலுக்குள் போயிற்று. யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, நேராக, நிதானமாக, நிற்காமல் போயிற்று. இறங்கியிருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பத்து ஆள் தூரம் போய், இருபது ஆள் தூரம் போய், வெள்ளை அலைகளுக்கும் அப்பால் ஒரு புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லை.

கைக்குழந்தையோடு இருந்த பெண்தான் முதலில் திரும்பினாள். அப்புறம் எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கரையேறினார்கள். கோபுரத்து ஆள் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தபோது தண்ணீரில் யாரும் இல்லை. பருத்த மனிதர் மணலில் நின்று தம் ஆட்களை விரலால் எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு கொக்கிடம் வந்தார். அவன் தோளில் கையை வைத்துவிட்டு, குடும்பத்தைக் கொடிகளை நோக்கி ஓட்டிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பத்து நிமிஷம் கழித்து வந்தவர்களுக்கு அங்கே ஏதாவது நடந்தது என்றே தெரிந்திருக்காது. வாரி கிடந்த இடத்தில் கிடந்தது. அவன் போய் அதை எடுத்துக்கொண்டு மறுபடி அதே இடத்தை வார ஆரம்பித்தான். அவள் ஈரத் துணி காலில் சுற்ற நின்று, அந்த முதுகைப் பார்த்தாள். பதினோரு வருஷம், எத்தனை நாள் இவன் வீட்டுக்கு வந்து 'இன்னைக்கு ஒண்ணும் இல்ல' என்று சொல்லியிருக்கிறான்! அந்த ஒன்றுமில்லாததை இப்படித்தான் செய்துகொண்டிருந்தான் போலிருக்கிறது.

அவன் மறுபடி சிவப்புச் சட்டை போட்டுக் கோபுரம் ஏறியது அதற்கும் பதினாறு நாள் கழித்துத்தான். அதுவும் கேப்டன் மூன்றுமுறை கேட்ட பிறகு. ஆனால் கிடங்கு விஷயம் அன்றே முடிந்தது. மரத்தடி மேஜையில் துணிக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவள் அண்ணன் போன் செய்தான். நாளை வரை அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இல்லண்ணே" என்றாள். "அவருக்கு இங்க வேலை இருக்கு... ஆமா, பாத்தேன். கண்ணாலயே பாத்தேன்... கோவிச்சுக்காத. நீ ஒருநாள் இங்க வா. வந்தா உனக்கே புரியும்." போனை வைத்துவிட்டு முட்டையை உரித்தாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேக்காமலே சொல்லிட்ட?" என்றான்.

"கேட்டா நீங்க கடலைப் பாப்பீங்க."

அண்ணி சிரித்தாள். ஒற்றைச் செருப்பை மேஜைமேல் வைத்து, "இதை மட்டும் வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?" என்று கேட்டாள். அவனும் சிரித்துவிடுவான் போலிருந்தது. ரொட்டியை எடுத்துப் பிட்டான். ஒரு வாய் தின்றான். பிறகு, யாரும் கேட்காமலே, சொல்ல ஆரம்பித்தான்.

"அன்னைக்குக் கொடியைப் பிடுங்கியாச்சு. நேரம் முடிஞ்சிருச்சு. போனாரே, அவர் தனியா வந்தார். சட்டையைக் கழட்டி நல்லா மடிச்சு மணல்ல வச்சார். நான் பாத்தேன். மூஞ்சி கழுவப் போறார்னு நினைச்சேன். கயித்தைச் சுத்திக் கொட்டகையில மாட்டிட்டு வந்தேன். ரெண்டு நிமிஷம். வந்து பாத்தா சட்டை இருக்கு, அவர் இல்ல."

அண்ணி செருப்பை மேஜையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"எடுத்துட்டேன். கரைக்குக் கொண்டுவந்துட்டேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நெஞ்சை அமுக்கினேன். அப்புறமும் அமுக்கினேன், கேப்டன்தான் கையைப் பிடிச்சு எடுத்தா. அவர் வீட்டுக்காரம்மா வந்தாங்க. சட்டையை நான்தான் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு..." அவன் நிறுத்தினான். "எனக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க. எனக்கு."

காற்று மேஜைமேல் இருந்த வெங்காயத் தோலைத் தள்ளிக்கொண்டு போயிற்று. 'உங்க தப்பில்ல' என்பதைக் கடிதம் ஏற்கனவே சொல்லிவிட்டது. அவள் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேட்டாள்.

"என்ன சட்டைங்க?"

"நீலக் கட்டம் போட்டது. பழசு. காலரைப் பிரிச்சு, திருப்பித் தைச்சிருந்தது."

அவளுக்கு அந்தத் தையல் தெரியும். காலரின் மடிப்பு நைந்துபோனால், இன்னும் இரண்டு வருஷம் உழைக்கட்டும் என்று வீட்டில் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து பிரிப்பாள். பழைய ஊசித்துளைகள் வெளியே தெரியாமல் திருப்பி வைத்துத் தைப்பாள்.

"நல்லா தைச்சிருந்தாங்களா?"

"நல்லா தைச்சிருந்தாங்க" என்றான் அவன். "திருப்பினதே தெரியல. கையில எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

சொல்லும்போதே அவன் முகம் கோணியது. இருபது நாளாக விசிலுக்குள் போகாமல் நின்ற மூச்சு, பெரிய சத்தமாக வெளியே வந்தது. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் நகர்ந்து அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அண்ணி எட்டிக் கையை நீட்டினாள். அவன் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்துவிடாமல் மெல்ல வாங்கிக்கொண்டாள். அவன் அழுது முடிக்கும்வரை அதைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.